குதிரைக்கொட்டைச் சவுக்காரமும் சனிக்கிழமைகளும்

1

ஆரணி, துவாரகன், நீங்கள் இரண்டு பேரும் இதை எப்போது வாசிப்பீர்களோ தெரியாது. துவாரகன், உனக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிக்க வரும். அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேள். ஆரணி, நீ தனியே இருந்து வாசி.

வட்டுக்கோட்டைப் பெரியப்பா, என் அண்ணன், போன் எடுத்தார். ஊர் வாசிகசாலை ஒரு மலர் வெளியிடப் போகிறதாம். வெளிநாட்டில் இருக்கிற ஊரவர் எல்லாரிடமும் அனுபவக் குறிப்புக் கேட்கிறார்களாம். "நீயும் எழுது தம்பி. பனி, மலை, ரயில் எண்டு எழுது. சனம் ஆசையா வாசிக்கும்" என்றார். பனியைப் பற்றியும் மலையைப் பற்றியும் எழுதப் படித்த ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன். இங்கே வந்த நாளிலிருந்து முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலைக்கு நிற்கிறவன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் ஒன்றுதான். வீட்டில் சவுக்காரம் செய்து உடுப்புத் தோய்ப்பது. அதையே எழுதுகிறேன். ஊரவரும் வாசிக்கப் போவதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் விளக்க வேண்டி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மலர் இல்லை. ஆரணி, ஆகஸ்டில் நாங்கள் ஊருக்குப் போய் வந்த பிறகு நீ சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவதை விட்டுவிட்டாய். காங்கேசன்துறைக் கடற்கரையில் நான் சொன்ன ஒரு வசனத்தால் வந்தது அது. அந்தச் சனிக்கிழமைகளை எப்படித் திரும்ப எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வாயால் சொல்லத் தெரியாததை எழுதியாவது பார்ப்போம் என்று இருக்கிறேன்.

2

முதலில் ஊரவருக்கு. சுவிஸில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் ஆறு குடும்பங்கள். உடுப்புத் தோய்க்கும் மெஷின் வீட்டுக்கு வீடு கிடையாது. நிலத்துக்குக் கீழே ஓர் அறை, அதில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மெஷின். எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கும். அந்த நாளில் அறையைப் பூட்டித் திறக்கும் திறப்பு உங்கள் கைக்கு வரும். தவறவிட்டால் அடுத்த கிழமை வரை அழுக்கு உடுப்புத்தான். வீட்டுச் சண்டையைவிடத் திறப்புச் சண்டைதான் இந்த நாட்டில் பெரிது.

ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் தோய்க்கக் கூடாது. வந்த புதிதில் என்னோடு அறையில் இருந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு அது புதினமாகத் தெரியவில்லை. வட்டுக்கோட்டையில் எங்கள் ஐயாவும் அப்படித்தான். கோயில் ஆராதனை முடிந்து வந்தபின் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டால் போதும், "ஆரது, ஆண்டவருடைய நாளிலை அடிச்சுத் தோய்க்கிறது?" என்று முற்றத்தில் நின்றே கேட்பார். ஐயா இல்லாத நாட்டில் ஐயாவின் சட்டம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளில் எதை வாங்கப் போனாலும் விலையை ரூபாயாக்கிப் பார்க்கிற வருத்தம் எனக்கு இருந்தது. கடையில் சவுக்காரத் தூள் பெட்டியைக் கையில் எடுப்பேன், மனதுக்குள் பெருக்குவேன், திரும்ப வைத்துவிடுவேன். ஒருநாள் மழைக்குள் வேலையால் வந்துகொண்டிருந்தேன். தெரு ஓரத்து மரங்களிலிருந்து கொட்டைகள் விழுந்து கிடந்தன. பலாக்கொட்டையை உருட்டி எண்ணெய் பூசிவிட்டது போன்ற மண்ணிறக் கொட்டை. கார்ச் சில்லு ஏறி நசுங்கிய இடத்தில் மழைத் தண்ணீர் வெள்ளையாய் நுரைத்திருந்தது. நான் நின்றுவிட்டேன். குனிந்து விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். வழுக்கியது.

அந்த மரத்துக்கு இங்கே பேசும் டொச்சு என்ற ஜெர்மன் மொழியில் உள்ள பெயரில் குதிரை என்ற சொல்லும் வருவதால் எங்கள் வீட்டில் அது குதிரைக்கொட்டை ஆகிவிட்டது. தின்னக் கூடாது, தின்றால் வயிறு கெட்டுப்போகும். இங்கே குளிர்காலத்தில் தெருவில் சுட்டு விற்பது வேறு கொட்டை. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பைபையாகப் பொறுக்கி, கழுவி, சாக்குத் துணியில் கட்டிச் சுத்தியலால் உடைத்து, காய வைத்து, மிக்சியில் அரைத்து மாவாக்கிப் போத்தல்களில் அடைத்து வைப்பேன். வெள்ளை உடுப்புக்கென்றால் தோலை உரிக்க வேண்டும். உரிக்காவிட்டால் உடுப்பு மஞ்சளிக்கும். தோய்க்கும் நாளில் இரண்டு கரண்டியைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு, துணியால் வடித்தால் பால் மாதிரி ஒரு தண்ணீர் வரும். அதுதான் சவுக்காரம். கொஞ்சம் அப்பச்சோடா போல இருக்கும் சலவைச் சோடாவும் போட்டால் கழுத்துப்பட்டி ஊத்தையும் போகும்.

அம்மா கலியாணம் முடித்து வந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு, "சுவிஸ் மாப்பிளை எண்டு சொல்லித்தான் எனக்குப் பேசினவை" என்றாள்.

3

இது என் கெட்டித்தனம் இல்லை. சவுக்காரம் இல்லாத காலத்தில் வாலிபனாக இருந்தவனுக்கு நுரை எங்கே கண்டாலும் கண் போகும்.

உங்களுக்கு நான் இதை ஒழுங்காகச் சொன்னதில்லை. யுத்த நாளில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் மண்ணெண்ணெய், பற்றரி, சவுக்காரம் என்று ஒன்றுமே வரவிடாத தடை ஒன்று இருந்தது. பெட்டிக்கடையில் எப்போதாவது ஒரு கட்டி வந்தால் அதை நூலால் அறுத்துத் துண்டாக விற்பார்கள். நாங்கள் பனம்பழத்தில் தோய்த்தோம். பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, களியைக் கரைத்து, அதற்குள் உடுப்பை ஊறவிட்டுக் கல்லில் அடிப்பது. ஊத்தை போகும். மணம் போகாது. வெள்ளைச் சேட்டு மெல்ல மெல்ல வெண்ணெய் நிறமாகும். அதோடு இன்னொரு கரைச்சல். பனம்பழ மணத்துக்கு மாடு வந்து கொடியில் காய்கிற உடுப்பைச் சப்பிவிடும். ஆகவே தோய்க்க ஒரு ஆள், காவல் இருக்க ஒரு ஆள்.

ஒரு சனிக்கிழமை நான் காவலில் இருந்து நித்திரையாகிவிட்டேன். எழும்பிப் பார்த்தால் பெரியப்பாவின் கோயில் சேட்டில் கழுத்துப்பட்டி இல்லை. மாடு நிதானமாக நின்று மென்றுகொண்டிருந்தது. பெரியப்பாவுக்கு இருந்ததே அந்த ஒரு நல்ல சேட்டுத்தான். மறுநாள் காலை பட்டியில்லாத கழுத்தோடு ஆராதனைக்குப் போனார். வாசலில் நின்ற ஒருவர், "என்ன தம்பி, குருப்பட்டத்துக்குப் படிக்கப் போறியோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வெகுகாலம் பெரியப்பாவுக்குப் "போதகர்" என்பதே பட்டப்பெயர்.

சிரிக்கச் சொல்லித்தான் இதை எழுதினேன். ஆனால் அது நல்ல காலம் இல்லை. அதை நினைத்து நான் ஏங்குவதும் இல்லை. ஒன்றை மட்டும் அது எனக்குள் வைத்துவிட்டுப் போனது. கடையில் இல்லாவிட்டாலும் என்னால் என் ஆட்களுக்குச் சுத்தமான உடுப்புக் கொடுக்க முடியும் என்ற ஒரு பிடிவாதம்.

4

ஆரணி, நீ பிறந்து நடக்கத் தொடங்கிய காலத்தில் உன் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தோல் தடித்துச் சிவந்து, சொறிந்து சொறிந்து இரத்தம் வரும். அப்போது வீட்டில் ஆட்கள் தந்த வாசனைத் தூள் ஒரு பெட்டி பாவனையில் இருந்தது. டொக்டர் வாசனைச் சவுக்காரம் எதுவும் கூடாது என்றார். நான் குதிரைக்கொட்டைத் தண்ணீரில் தோய்த்த உடுப்பையே உனக்குப் போட்டேன். தோல் ஆறியது. அந்த நாளில் இருந்து அது காசு மிச்சம் பிடிக்கிற வேலையாக இல்லாமல் போய்விட்டது. உனக்காகச் செய்கிற வேலை ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால், இந்த நாட்டில் எனக்குத்தான் தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியாது என்று நான் நிமிர்ந்து நின்ற ஒரே வேலை அதுதான்.

ஒருமுறை கட்டடப் பராமரிப்பாளர் கடிதம் போட்டார். மெஷினின் வடிகட்டியில் மண்ணிறத் தூள் கிடக்கிறது, அடையாளம் தெரியாத பொருள்களைப் பாவிக்க வேண்டாம், மீறினால் நிர்வாகத்துக்கு அறிவிப்போம் என்று. எனக்கு அதில் "நிர்வாகம்" என்ற சொல் மட்டும்தான் விளங்கியது. வீட்டை விட்டு எழுப்பப் போகிறார்கள் என்று நினைத்துப் பயந்துபோனேன். நீ அப்போது சின்னப் பிள்ளை, இரட்டைப் பின்னல். குசினி மேசையில் இருந்து வாசித்துத் தமிழில் சொன்னாய். பிறகு பதிலும் நீயே எழுதினாய். "என்ன எழுதினனி பிள்ளை?" என்று கேட்டேன். "என்ரை அப்பா நல்லவர், இது மரத்திலை இருந்து விழுந்தது எண்டு எழுதினனான்" என்றாய்.

அந்த மனிதர் கடிதத்தோடு நேரே வந்தார். போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார். தங்கள் மலைக் கிராமத்திலும் முன்பு இப்படிச் செய்ததாகவும், துணியை இரண்டாக மடித்து வடித்தால் தூள் போகாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். நீ அதையும் எனக்கு மொழிபெயர்த்தாய். அந்தக் காலத்தில் எனக்கும் இந்த நாட்டுக்கும் நடுவில் நின்று நீதான் கதைத்தாய். எனக்கும் உனக்கும் நடுவில் ஒருவரும் தேவைப்படவில்லை.

வளர வளர அது குறைந்தது. எங்கே எப்போது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீ உயர்தரம் படித்தாய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். துவாரகன் சாப்பாட்டு மேசையிலும் டொச்சில் கதைத்தான். நான் ஒன்று கேட்டால் நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுச் சுருக்கமாகப் பதில் சொன்னீர்கள். கோபத்தில் இல்லை. முழுதாகச் சொல்லத் தமிழ் போதவில்லை, எனக்கு முழுதாக விளங்க டொச்சுப் போதவில்லை.

பிறகு உனக்கு வேறு நகரத்தில் வேலை கிடைத்து, அறை எடுத்துப் போனாய். நான் நினைத்தேன், இதோடு சரி என்று. ஆனால் முதல் சனிக்கிழமையே கதவு மணி அடித்தது. நீல நிறப் பெரிய பையை வாசலில் தொப்பென்று போட்டாய்.

"அப்பா, சாமான் வந்திருக்கு. அங்கை கடைப் பவுடர் போட்டால் எனக்குத் தோல் கடிக்கும்தானே."

சனிக்கிழமை எங்கள் தோய்க்கும் நாள். கீழ் அறையில் மெஷின் சுற்றும் நேரம் முழுக்க நீ கவிழ்த்த வாளியில் இருப்பாய். நான் ஒவ்வொரு உடுப்பாக விரித்துப் பார்ப்பேன்.

"இதென்ன கறை?"

"கோப்பி."

"ஆரோடை குடிச்சனி?"

"அப்பா! கோப்பி குடிக்க ஆளும் வேணுமோ?"

"தனியக் குடிச்சால் மடியிலை ஊத்துப்படாது. சிரிக்கேக்கைதான் ஊத்துப்படும்."

நீ என் முதுகில் அடிப்பாய். பிறகு யாரோடு குடித்தாய் என்று சொல்வாய். காற்சட்டையில் சேறு இருந்தால் மலை ஏறியது தெரியும். ஒரு காலத்தில் எல்லாச் சேட்டின் கையிலும் மை இருந்தது; அப்போதுதான் உனக்கு அலுவலகத்தில் புது இடம் கொடுத்த கதை வந்தது. உன் வாழ்க்கை எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கேள்வி கேட்டால் வராதது, உடுப்பை விரித்தால் வந்தது.

5

இந்த ஆகஸ்டில் எல்லாருமாக வட்டுக்கோட்டைக்குப் போனோம். உன் தோலை நினைத்து ஒரு பெரிய போத்தல் நிறையக் குதிரைக்கொட்டை மா கொண்டு போனேன். தோலுரித்து, நைசாக அரைத்த வெள்ளை மா. ஒட்டுத்தாள் ஒன்றும் இல்லாத பழைய ஊறுகாய்ப் போத்தல். கொழும்பில் இருந்து இரவு முழுக்க வான் வண்டியில் வந்த களைப்பு. அம்மா பைகளைத் திறந்து சொக்கிலேட், கோப்பி, போத்தல் எல்லாவற்றையும் பெரியம்மாவின் குசினி மேசையில் வைத்துவிட்டாள். நாங்கள் எல்லாரும் படுத்துவிட்டோம்.

பின்னேரம் பெரியம்மாவின் சத்தத்தில்தான் எழும்பினேன்.

"தம்பி! ஓடி வா! உன்ரை ஒடியல் மா பொங்கி வழியுது!"

குசினிக்குள் போனால் பெரிய பானையில் கூழ், காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவில் காய்ச்சுகிற எங்கள் ஊர்க் கூழ். நண்டு, மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்ட கூழ். பானை வாயால் வெள்ளை நுரை பொங்கி, அடுப்பில் வழிந்து, நிலத்தில் நடந்து போகிறது. பெரியம்மா அகப்பையோடு பின்னுக்குப் பின்னுக்குப் போகிறா.

"மச்சாள், அது சவுக்காரம்!"

"என்ன?"

"சவுக்காரம்! உடுப்புத் தோய்க்கிறது!"

பெரியம்மா கதிரையில் இருந்துவிட்டா. "ஐயோ, நான் நாக்கிலை வைச்சும் பாத்தனான். கைச்சுது. ஒடியலும் கைக்கும்தானே எண்டு ஊறப்போட்டுக் கரைச்சு ஊத்தினன்."

"சுவிசிலை இருந்து ஆரடி ஒடியல் மா கொண்டு வருவான்?" என்றார் பெரியப்பா.

"உங்கடை தம்பிதான் கொண்டு வருவார். போன முறை எங்களுக்குத் தேங்காய்ப்பூ கொண்டு வந்தவர்தானே!"

அது உண்மைதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெரியப்பா பானையை எட்டிப் பார்த்தார். "கூழை ஒருதரும் வாயிலை வைக்கேல்லை, அது காணும். நண்டு நல்லாச் சுத்தமாயிருக்கும். இனிப் பானை தேய்க்கிற வேலையும் இல்லை."

துவாரகன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆரணி, நீ நிலத்திலேயே இருந்துவிட்டாய், கண்ணால் தண்ணீர் ஓட. "பெரியம்மா, எனக்கு ஒரு கோப்பை வாருங்கோ, உள்ளுக்கும் தோய்ப்பம்" என்றாய். உனக்கு இவ்வளவு பகிடி தமிழில் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பின்வளவில் குழி தோண்டிக் கூழை ஊற்றி மண் மூடினோம். இரவு பாணும் சம்பலும் சாப்பிட்டோம். அன்று மாதிரி நாங்கள் எல்லாரும் ஒன்றாகச் சிரித்து எத்தனையோ காலம்.

அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் போத்தல் காலியான கவலை.

6

அடுத்த நாள் பெரியம்மா சந்திக் கடையில் ஒரு பக்கற் சவுக்காரத் தூள் வாங்கி வந்தா. நீல நிறப் பக்கற். திறக்க முதலே வாசனை வாசல் படலையடி வரை வந்தது. நான் பதறிப்போய் பஸ் ஏறி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். பூந்திக்கொட்டையாவது கிடைத்தால் அதில் நுரை எடுக்கலாம் என்று கடை கடையாகக் கேட்டேன். ஒரு கடைக்காரப் பெடியன், "அது என்னத்துக்கு ஐயா? தலைக்குப் போடவோ?" என்று என் மொட்டைத் தலையைப் பார்த்துக் கேட்டான். கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது உன் சட்டைகள் எல்லாம் கொடியில் வாசனையோடு ஆடிக்கொண்டிருந்தன. நீ ஒன்றைப் போட்டுக்கொண்டு பெரியம்மாவோடு இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய்.

ஒவ்வொரு நாள் காலையிலும் உன் முழங்கையைப் பார்த்தேன். நீ காணாத நேரம் கழுத்தைப் பார்த்தேன். ஒரு சிவப்பும் இல்லை.

திரும்பிப் போவதற்கு முந்திய கிழமை காங்கேசன்துறைக்குக் கடல் பார்க்கப் போனோம். அம்மாவும் பெரியம்மாவும் வான் வண்டியின் நிழலில் இருந்து வடை சாப்பிட்டார்கள். துவாரகன் பழைய சீமெந்துத் தொழிற்சாலைப் பக்கம் படம் எடுக்கப் போனான். நீயும் நானும் கரையில் நின்றோம். இந்தியாவுக்குப் போகிற கப்பல் எது என்று நீ கேட்டாய். நான் உன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உனக்குக் கை கடிக்கேல்லையோ பிள்ளை?"

"இல்லையப்பா."

"கடைப் பவுடர்தானே. எங்கடை கிணத்துத் தண்ணி நல்லது, அதாலை இருக்கும்."

நீ முழங்கையைத் திருப்பிக் காட்டினாய். "அப்பா, அது எனக்கு எப்பவோ மாறிட்டுது."

"எது?"

"அந்தத் தோல். நான் பள்ளிக்கூடம் முடிக்க முதலே. சிநேகிதப் பிள்ளையளின்ரை சட்டை போடுறன், ஹோட்டல் துவாயிலை துடைக்கிறன். ஒண்டும் செய்யிறேல்லை."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் அந்தப் பையைக் காவிக்கொண்டு வந்தனி?"

நீ சொல் தேடினாய். டொச்சில் ஏதோ தொடங்கி, நிறுத்தி, திரும்பத் தமிழுக்கு வந்தாய். எனக்காகத்தான் அப்படி மினக்கெட்டாய் என்று இப்போது விளங்குகிறது.

"உடுப்பில்லாமல் வந்தால் நாங்கள் என்ன கதைக்கிறது, அப்பா?"

அந்த இடத்தில் ஒரு நல்ல தகப்பன் என்ன சொல்லியிருப்பான் என்று அதற்குப் பிறகு பலமுறை யோசித்துவிட்டேன். என் பிள்ளை என்னோடு கதைப்பதற்காகக் கிழமை தவறாமல் பாரம் சுமந்து ரயில் ஏறி வந்திருக்கிறாள் என்று சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை. என்னை ஏமாற்றிவிட்டார்கள், இரக்கப்பட்டுச் சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் தருவதுபோல எனக்கு உடுப்புத் தந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. என் கையில் இருந்த ஒரே வித்தையும் தேவையில்லாதது என்று ஆகிவிட்டது.

"அப்பச் சரி. இனி நீ ஒண்டும் காவத் தேவையில்லை" என்றேன்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை அப்பா."

"எனக்கு விளங்குது. காணும். வா, வடை ஆறப்போகுது."

7

திரும்பி வந்தபின் நீ ஒரே ஒரு சனிக்கிழமை வந்தாய். கையில் ஒன்றும் இல்லாமல் வந்தாய். நாங்கள் இருவரும் வரவேற்பறைக் கதிரைகளில் எதிரெதிரே இருந்தோம்.

"வேலை எப்பிடி?"

"ஓம், நல்லம்."

"சாப்பாடு?"

"ஓம், சமைக்கிறன்."

துவாரகன் அறையால் வந்து பார்த்துவிட்டு, "என்ன, ரெண்டு பேரும் டொக்டரிட்டை நம்பர் எடுத்துக்கொண்டிருக்கிற ஆக்கள் மாதிரி இருக்கிறியள்?" என்றான். இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் நான் கீழே போய் மெஷினைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழும்பினேன். உன்னைக் கூப்பிடவில்லை. உடுப்பு எங்களுடையது, நீ எதற்கு வர வேண்டும் என்று நினைத்தேன். மேலே வந்தபோது நீ சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாய்.

பிறகு துவாரகன்தான் சொன்னான், நீ குளியலறைக்குள் வைக்கிற சின்ன மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறாய் என்று. நல்லது என்றேன். நான் சொன்னதைத்தானே நீ செய்திருக்கிறாய்.

இலையுதிர்காலம் வந்தது. தெருவெல்லாம் குதிரைக்கொட்டை. நான் பையை எடுத்துக்கொண்டு போனேன், பாதி வழியில் திரும்பி வந்தேன். யாருக்காகப் பொறுக்குவது? வேறு பிள்ளைகள் தங்கள் தகப்பன்மாரோடு வந்து பொறுக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் அதில் பொம்மை செய்வார்கள்.

அம்மாவோடு நீ போனில் கதைக்கும்போது ஒவ்வொரு முறையும் "அப்பா எப்பிடி?" என்று கேட்பதாக அம்மா சொல்கிறாள். நானும் ஒவ்வொரு முறையும் "அவள் எப்பிடியாம்?" என்று அம்மாவிடம் கேட்கிறேன். போன கிழமை அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் என்ன உங்கள் ரெண்டு பேருக்கும் தபால்காரியோ? ரெண்டு வருசமா அவள் வந்து வந்து போனாள். கட்டில் ஏத்திக் குடுத்த நாளுக்குப் பிறகு நீங்கள் அவளின்ரை வாசல்படி மிதிச்சனீங்களோ?"

"அவள் கூப்பிடேல்லையே."

"எத்தினை தரம் கூப்பிட்டவள்! உங்களுக்குத்தான் சனிக்கிழமை தோய்க்கிற நாள், மற்ற நாள் வேலை, ஞாயிறு கோயில். ரயிலிலை ஏறினால் தேத்தண்ணி ஆற முதல் போயிடலாம். போங்கோவன்."

"போய் வெறுங்கையோடை இருந்து நான் என்னத்தைக் கதைக்கிறது?"

அம்மா மாக் குழைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த வசனம் என் வாயால் வந்ததை நானே கேட்டேன். நீ கடற்கரையில் சொன்ன அதே வசனம். அது இரக்கம் இல்லை ஆரணி. நீயும் என்னை மாதிரியே வழி தெரியாமல் நின்றிருக்கிறாய். உனக்கு ஒரு வழி கிடைத்தது. அதை நான் அடைத்துவிட்டேன்.

இந்தக் குறிப்பை நேற்று இதுவரைக்கும் எழுதிவிட்டு வைத்தேன். இன்று வெள்ளிக்கிழமை. அம்மா வேலைக்கும் துவாரகன் தொழிற்பயிற்சிக்கும் போய்விட்டார்கள். மேல்மாடிப் பெண்ணின் கதவைத் தட்டி, நாளைக்கு எங்கள் தோய்க்கும் நாளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், திறப்பும் உங்களிடமே வரட்டும் என்று தெரிந்த டொச்சில் சொன்னேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. சனிக்கிழமையை யாரும் சும்மா கொடுப்பதில்லை. உங்களுக்குச் சுகமில்லையோ என்று கேட்டாள். இல்லை, மகளிடம் மெஷின் இருக்கிறது என்றேன்.

வந்து பயணப்பை ஒன்றை எடுத்தேன். குசினி வேலைக்குப் போடும் சேட்டுகள், இரண்டு காற்சட்டை, சாரம், துவாய் எல்லாவற்றையும் ஊத்தைக் கூடையில் இருந்து பொறுக்கி வைத்தேன். அப்படியும் பை பாதிதான் நிறைந்தது. பாதிப் பை என்றால் மெஷின் ஒரு தரத்திலேயே கெதியாகச் சுற்றி முடித்துவிடும். அலுமாரியைத் திறந்தேன். அம்மா கோயிலுக்கென்று அயன் பண்ணித் தொங்கவிட்டிருந்த மூன்று நல்ல சேட்டுகளையும் எடுத்துக் கட்டிலில் போட்டு, ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் நன்றாகக் கசக்கி, பைக்குள் அடைத்தேன்.